இனிப்புக் கடை ஆர்டர் இரண்டு முறை விழுகிறது, எந்தப் பேட்டர்ன் போடலாம்?

#1 அரைப்புள்ளி

வணக்கம். ஒரு சின்ன ஊர் இனிப்புக் கடையின் ஆர்டர் தளம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சர்வர் நிரல் நோட், எக்ஸ்பிரஸில், பின்னால் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ். சர்வரில் பிஎம்2 என்ற டூல் வைத்து அதே நிரல் நான்கு பிராசஸாக, அதாவது நான்கு தனிப் பிரதிகளாக, ஓடுகிறது.

வாடிக்கையாளர் "பணம் செலுத்து" அழுத்துகிறார். நெட் மெதுவாக இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்துகிறார், இல்லாவிட்டால் மொபைல் ஆப் தானாகவே ரீட்ரை செய்கிறது. கடையில் இரண்டு ஆர்டர், வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு டெபிட். தீபாவளி நெருங்குகிறது, கடைக்காரர் போனை வைக்கவே மாட்டேன் என்கிறார்.

பழைய கோடில் (நிரலில்) ஒரு தடுப்பு இருக்கத்தான் செய்கிறது. இங்கே நிரலை ஒட்டினால் இந்த மன்றத் தளம் குதறிவிடுகிறது, தமிழிலேயே எழுதுகிறேன்:

இதே கஸ்டமர், இதே தொகை, கடைசி 2 நிமிடத்தில் ஆர்டர் உண்டா?
உண்டு என்றால்: மறுத்துவிடு
இல்லை என்றால்: ஆர்டரைச் சேர், கேட்வேயை (பணம் வசூலிக்கும் வெளிச் சேவையை) கூப்பிடு

இது இருந்தும் இரட்டை விழுகிறது. அதைவிடக் கொடுமை, ஒரு அம்மா தன் வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகும், உடனே தங்கை வீட்டு விலாசத்துக்கு இன்னொரு கிலோவும் போட்டிருக்கிறார். நியாயமான இரண்டாவது ஆர்டரைத் தளம் மறுத்துவிட்டது.

எங்கள் லீட் "சிங்கிள்டனாக ஒரு லாக் மேனேஜர் எழுது, சரியாகிவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இதற்கு எந்த டிசைன் பேட்டர்ன், அதாவது தெரிந்த தீர்வு வடிவம், பொருந்தும்?

#2 கிளிக்_மன்னன்

பட்டனை அழுத்தியதும் டிசேபிள் செய்யுங்கள். ஒரு வரி. முடிந்தது.

#3 அரைப்புள்ளி

செய்திருக்கிறார்கள் நண்பரே. ஆப் தானாகச் செய்யும் ரீட்ரைக்குப் பட்டன் எதற்கு? பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தாலும் பட்டன் மறுபடி உயிர் பெற்றுவிடுகிறது.

#4 பழைய_எஞ்சின்

தம்பி, உங்கள் மனசு சொன்னதுதான் சரி. முதலில் அந்த இரண்டு நிமிடத் தடுப்பு ஏன் தோற்கிறது என்று பாருங்கள். ஒரே ஆர்டர், இரண்டு ரெக்வெஸ்ட், இரண்டு பிராசஸ்:

10:00:01.100 முதல் பிராசஸ்: ஆர்டர் உண்டா? இல்லை.
10:00:01.140 இரண்டாவது பிராசஸ்: ஆர்டர் உண்டா? இல்லை.
10:00:01.160 முதல் பிராசஸ்: சேர்த்துவிட்டது.
10:00:01.190 இரண்டாவது பிராசஸ்: இதுவும் சேர்த்துவிட்டது.

பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் 60 மில்லிசெகண்ட் இடைவெளி. அந்த இடுக்கில்தான் எல்லாம் நடக்கிறது. "முதலில் பார், பிறகு செய்" என்று எழுதிய எந்தக் கோடுக்கும் இந்த இடுக்கு உண்டு. ரிவ்யூவில் கண்ணில் படாது, உங்கள் லேப்டாப்பிலும் வராது, ஏனென்றால் அங்கே ரெக்வெஸ்ட் அனுப்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

சிங்கிள்டன் விஷயம். சிங்கிள்டன் என்றால் ஒரு பிராசஸுக்குள் ஒன்றே ஒன்று. உங்களிடம் நான்கு பிராசஸ் ஓடுகிறது, ஆகவே நான்கு "ஒன்றே ஒன்று" இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி நினைவகம், ஒருவர் பூட்டு மற்றவருக்குத் தெரியாது. பிராசஸை ஒன்றாகக் குறைத்தால் வேலை செய்யும். நாளைக்கு இரண்டாவது சர்வர் வைத்தால் மறுபடி முதலிலிருந்து.

டிசைன் பேட்டர்ன் பற்றி நால்வர் சேர்ந்து எழுதி 1994-ல் வந்த அந்தப் புத்தகத்தின் 23 பேட்டர்னில் தேடினால் இதற்குப் பதில் கிடைக்காது. அவை பெரும்பாலும் ஒரே நிரலுக்குள் பொருள்களை எப்படி அடுக்குவது என்பதைப் பற்றியவை. உங்கள் சிக்கல் இரண்டு கணினிகளுக்கு நடுவில் இருக்கிறது. நெட்வொர்க்கில் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆகவே ரீட்ரை வரும், வந்தே தீரும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி செய்யுங்கள். இதற்குப் பெயர் ஐடெம்பொட்டன்சி.

செய்முறை:

ஆர்டர் டேபிளில் கீ என்று ஒரு பத்தி சேருங்கள், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி அடையாளம். அதன் மேல் யூனிக் இண்டெக்ஸ், அதாவது ஒரே கீ டேபிளில் இரண்டு முறை வரவிடாத தடை. ரெக்வெஸ்ட் வரும்போது அந்தக் கீயுடன் வரவேண்டும். செலக்ட் செய்து (தேடி) பார்க்காதீர்கள், நேராக இன்சர்ட் செய்யுங்கள் (சேருங்கள்), கூடவே கீ மோதினால் ஒன்றும் செய்யாதே என்னும் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்". போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்து இருக்கிறது. முதல் டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காத டேட்டாபேஸ் வேலை) இன்னும் முடியாமல் இருந்தால் இரண்டாவது இன்சர்ட் அதற்காகக் காத்து நிற்கும். முதலாவது கமிட் ஆனால் (உறுதியாகப் பதிந்தால்) இரண்டாவது ஒன்றும் செய்யாது. முதலாவது ரோல்பேக் ஆனால் (ரத்தானால்) இரண்டாவது உள்ளே போகும். மேலே சொன்ன இடுக்கு அடைபட்டுவிட்டது, நீங்கள் ஒரு லாக்கும் எழுதவில்லை.

ஒரு காசோலை எண் ஒரு முறைதான் செல்லும் என்பதைக் காசோலையைத் தருகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, வங்கியின் பேரேடு பார்த்துக்கொள்கிறது. அதே கதைதான்.

ஒன்று கவனம்: டூ நத்திங் போட்டு, சேர்த்த வரிசையை (டேபிளின் ஒரு பதிவை) திருப்பித் தரச்சொல்லும் ரிட்டர்னிங் கேட்டால், மோதல் வந்தபோது வரிசை எதுவும் திரும்பி வராது. காலி. அதைப் பிழை என்று நினைத்து 500 (சர்வர் பிழை) அனுப்பிவிடாதீர்கள். காலியாக வந்தால் அந்தக் கீயை வைத்து ஒரு செலக்ட் போட்டு, பழைய ஆர்டரையே வெற்றியாகத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது "உங்கள் ஆர்டர் விழுந்துவிட்டது" என்ற பதில்தான். எந்த அழுத்தலுக்கு அந்தப் பதில் வந்தது என்பது அவருக்கு எதற்கு?

#5 அரைப்புள்ளி

புரிகிறது அண்ணா. ஆனால் அந்தக் கீயை யார் உருவாக்குவது? கஸ்டமர் எண், தொகை, பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு சுருக்கக் குறி) எடுக்கலாமா?

#6 டேபிள்_அக்கா

கூடாது. நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், மைசூர்பாகு அம்மாவை நினைத்துப் பாருங்கள். விலாசத்தையும் ஹாஷில் சேர்த்தால் அவர் தப்பித்துவிடுவார், ஆனால் ஒரே வீட்டுக்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வாங்குபவர் மாட்டிக்கொள்வார். உள்ளடக்கம் ஒன்றாக இருப்பதும் நோக்கம் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. கீ நோக்கத்தைத் தொடர வேண்டும்.

நான் செய்வது: கார்ட்டிலிருந்து செக்அவுட் பக்கம் திறக்கும்போது சர்வரே ஒரு யுயுஐடி (மற்றொன்றோடு ஒத்துப்போகாத தனி அடையாள எண்) உருவாக்கி அந்தக் கார்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். ரீஃப்ரெஷ் செய்தாலும் இரண்டாவது டேப் திறந்தாலும் அதே கார்ட், அதே கீ. ஆர்டர் முடிந்ததும் கார்ட் மூடப்படும், அடுத்த கார்ட்டுக்குப் புதுக் கீ. கார்ட்டில் பொருளோ விலாசமோ மாறினால் அப்போதும் புதுக் கீ.

நிறைய பேர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தும் ஃபங்ஷனுக்குள்ளேயே கீயை உருவாக்கிவிடுவார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுக் கீ! யூனிக் இண்டெக்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கும், இரட்டை ஆர்டர் ஜோராகப் போகும். ஆப் ரீட்ரையிலும் இதே கதை. ரீட்ரை லூப்புக்கு வெளியே கீ பிறக்க வேண்டும்.

அப்புறம், அதே கீயோடு வேறு தொகை வந்தால் என்ன செய்வீர்கள்? பழைய பதிலைத் திருப்பித் தராதீர்கள், பிழை என்று சொல்லுங்கள். நான் 422 என்ற பிழைக் குறியீட்டை அனுப்புவேன். பேமெண்ட் நிறுவனமான ஸ்ட்ரைப்பும் முதல் ரெக்வெஸ்டின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் பிழை தருகிறது. அவர்கள் கீயைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் பிறகு கழிக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை, ஆர்டர் வரிசையிலேயே கீ இருப்பதால் ஆர்டர் இருக்கும் வரை அதுவும் இருக்கும்.

#7 மேகமூட்டம்

எல்லாரும் 2010-க்குப் போய்விட்டீர்களா? இதற்குச் சரியான தீர்வு ஈவண்ட் சோர்சிங், அதாவது நடந்த ஒவ்வொன்றையும் நிகழ்வாகப் பதிந்து வைப்பது. ஆர்டர் சர்வீஸ், பேமெண்ட் சர்வீஸ், ஸ்டாக் சர்வீஸ் என்று பிரியுங்கள், நடுவில் செய்திகளைக் கடத்தக் காஃப்கா. காஃப்காவில் எக்ஸாக்ட்லி ஒன்ஸ் (ஒவ்வொரு செய்தியும் சரியாக ஒரே முறை) இருக்கிறது. சாகா பேட்டர்ன் போட்டு ஒவ்வொரு படிக்கும் அதை ரத்து செய்யும் படியும் எழுதினால், பேமெண்ட் தோற்கும்போது முந்தைய படிகள் திரும்பிவிடும்.

#8 பழைய_எஞ்சின்

ஒரு இனிப்புக் கடைக்கு!

காஃப்காவின் எக்ஸாக்ட்லி ஒன்ஸ் 2017-ல், 0.11 வெர்ஷனில் வந்தது. அது காஃப்காவிலிருந்து படித்துக் காஃப்காவிலேயே எழுதும் வரைதான். நடுவில் வெளியே போய் பேமெண்ட் கேட்வேயைக் கூப்பிட்டால் அந்த உறுதி அங்கே நீளாது. கன்சூமர் (செய்தியைப் படிக்கும் நிரல்) கேட்வேயைக் கூப்பிட்டது, ஆஃப்செட்டை (எதுவரை படித்தோம் என்ற குறிப்பை) எழுதுவதற்குள் விழுந்தது, எழுந்ததும் மறுபடி கூப்பிடும். ஆகவே கேட்வே பக்கம் ஐடெம்பொட்டன்ட் கீ அங்கும் வேண்டும். ஒரு இண்டெக்ஸைத் தவிர்க்க மூன்று சர்வீஸ் கட்டி, கடைசியில் அதே இண்டெக்ஸுக்குத் திரும்பி வருவது எனக்கு ஆகாது.

#9 மேகமூட்டம்

பெரிதாக வளர்ந்தால்?

#10 டேபிள்_அக்கா

வளரட்டும், அப்போது பேசுவோம். இப்போதைக்கு தீபாவளி வருகிறது.

#11 கியூவில்_நிற்பவர்

இதுவரை ஆர்டர் பற்றியே பேசினோம். பணம்தான் பெரிய தலைவலி, அதற்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது முழுக்க பேமெண்ட் பக்கம்.

உங்கள் டேட்டாபேஸும் கேட்வேயும் ஒரே டிரான்சாக்ஷனில் சேராது. எந்த ஃபிரேம்வொர்க்காலும் சேர்க்க முடியாது. ஆகவே எதை முதலில் செய்வது என்பது முக்கியம். முதலில் ஆர்டரை "நிலுவை" என்று எழுதிக் கமிட் செய்யுங்கள். பிறகு கேட்வேயைக் கூப்பிடுங்கள். பதில் வந்ததும் இன்னொரு சின்ன டிரான்சாக்ஷனில் நிலையை மாற்றுங்கள். டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்வேயைக் கூப்பிடுகிற கோடு நிறைய பார்த்திருக்கிறேன். கேட்வே 30 செகண்ட் தூங்கினால் உங்கள் கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகள்) முழுக்கக் கூடவே தூங்கும். மெனு பக்கம்கூடத் திறக்காது.

அடுத்தது, டைம்அவுட் என்பது தோல்வி அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. டைம்அவுட் என்றால் "தெரியாது". பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். டைம்அவுட் வந்ததும் "தோல்வி" என்று குறித்து "மறுபடி முயலுங்கள்" என்று காட்டும் தளங்களால்தான் பாதி இரட்டை டெபிட் வருகிறது. ஆர்டரை நிலுவையிலேயே விடுங்கள், திரையில் "உறுதி செய்கிறோம்" என்று காட்டுங்கள், உங்கள் ஆர்டர் எண்ணை வைத்துக் கேட்வேயிடம் நிலை என்ன என்று கேளுங்கள். நிலுவையில் தங்கிவிட்டவற்றை ஒரு க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) சில நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துக் கேட்கட்டும்.

நம் ஊரில் பாதிப் பேர் யூபிஐயில்தான் கட்டுகிறார்கள், அங்கே இது இன்னும் அடிக்கடி நடக்கும். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்துவிடும், கடைக்கு உறுதி வராது. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி இருக்கிறது: வணிகருக்குப் போன யூபிஐ பணம் இப்படித் தொங்கினால் 5 நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்காரருக்கு இதைச் சொல்லிவையுங்கள், போனில் கத்துகிற வாடிக்கையாளரிடம் அவர் சொல்வதற்கு ஒரு பதில் கிடைக்கும்.

வெப்ஹூக். கேட்வே உங்களுக்கு அனுப்பும் செய்தி இரண்டு முறைகூட வரும், சில நேரம் முன்பின் மாறியும் வரும். "பணம் வந்தது" என்பது முதலில், "முயற்சி தொடங்கியது" என்பது பின்னால். ஆகவே வந்த செய்தியை அப்படியே நிலையாக எழுதாதீர்கள். அப்டேட்டிலேயே நிபந்தனை வையுங்கள்: இந்த ஆர்டரை "செலுத்தியது" என்று மாற்று, ஆனால் இப்போது "நிலுவை" என்று இருந்தால் மட்டும். டேபிளில் எத்தனை பதிவு மாறியது என்று பாருங்கள். 1 என்றால் நீங்கள்தான் மாற்றினீர்கள், பேக்கிங்குக்கு அனுப்புங்கள். 0 என்றால் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள், பேசாமல் 200 (சரி) அனுப்பிவிட்டு ஒதுங்குங்கள். பிழை அனுப்பினால் கேட்வே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதை ஸ்டேட் பேட்டர்ன் என்று கிளாஸ் கிளாஸாக எழுதுபவர்களும் உண்டு. நான்கு நிலைக்கு நான்கு கிளாஸ் எனக்குத் தேவைப்பட்டதில்லை. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று ஒரு சின்ன டேபிள் போதும்.

தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள் என்பது சொல்லாமலே தெரியும் என்று நம்புகிறேன்.

#12 அரைப்புள்ளி

ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) இருக்கிறது அண்ணா...

#13 கியூவில்_நிற்பவர்

மாற்றுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே டிப்ளாயில் செய்யாதீர்கள். முதலில் இரட்டை ஆர்டர், அது அடங்கியதும் ஃப்ளோட்.

#14 நள்ளிரவு_டிப்ளாய்

லீட் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், எல்லாரும் சேர்ந்து அவரை மொத்துகிறீர்கள். லாக் என்ற எண்ணமே தவறில்லை. எல்லாப் பிராசஸும் பகிர்ந்துகொள்ளும் ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பில் லாக் வைத்தால் நான்கு பிராசஸுக்கும் ஒரே பூட்டுதானே? போஸ்ட்கிரெஸிலேயே அட்வைசரி லாக் (நிரல் தானே கேட்டு வாங்கும் பூட்டு) இருக்கிறது. சிங்கிள்டன் என்று சொன்னது மட்டும்தான் பிசகு.

#15 பழைய_எஞ்சின்

நியாயம். அட்வைசரி லாக்கை டிரான்சாக்ஷன் அளவில் எடுத்தால் டிரான்சாக்ஷனோடு சேர்ந்தே விடுபடும், அதில் எனக்குப் பெரிய குறையில்லை.

ரெடிஸ் லாக்கில் காலாவதி நேரம் வைத்தாக வேண்டும், வைக்காவிட்டால் பிராசஸ் செத்ததும் பூட்டு நிரந்தரம். வைத்தால் இன்னொரு சிக்கல்: 10 செகண்ட் காலாவதி என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிராசஸ் எதற்கோ 12 செகண்ட் நின்றுவிட்டது. பூட்டு போய்விட்டது, அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார், முதலாமவர் எழுந்து தன்னிடம் பூட்டு இருப்பதாகவே நினைத்து எழுதுகிறார். ஒரே வேலையை இருவர் செய்து நேரம் வீணாவதைத் தடுக்க இது போதும். பணத்தை இதை நம்பி விடமாட்டேன். லாக் வைத்தாலும் யூனிக் இண்டெக்ஸ் அடியில் இருக்கட்டும். இண்டெக்ஸ் இருந்தால் லாக் எதற்கு என்று உங்களுக்கே பிறகு தோன்றும்.

#16 நள்ளிரவு_டிப்ளாய்

ஒத்துக்கொள்கிறேன். ரீட்ரை பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன்.

எல்லாப் பிழைக்கும் ரீட்ரை கூடாது. கார்டு எண் தவறு என்று 400 வந்தால் பத்து முறை கேட்டாலும் அதே 400தான். டைம்அவுட், 502, 503, 504 (சர்வர் பக்கக் கோளாறு) இவற்றுக்கு அதே கீயோடு ரீட்ரை. 429 (அழைப்பு அதிகம்) வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் எவ்வளவு நேரம் என்று இருக்கிறதா பார்த்து அவ்வளவு நேரம் பொறுங்கள். இடைவெளி 1, 2, 4, 8 செகண்ட் என்று இரட்டிப்பாகட்டும், அதோடு ஜிட்டர் சேருங்கள், அதாவது 0-க்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரம். ஜிட்டர் இல்லாவிட்டால், கேட்வே ஒரு நிமிடம் விழுந்து எழும்போது எல்லா ஆப்பும் ஒரே நொடியில் போய் மோதும், அது மறுபடி படுத்துவிடும்.

இன்னொன்று. ஆப் மூன்று முறை முயல்கிறது, உங்கள் சர்வர் மூன்று முறை, சர்வருக்குள் இருக்கும் எச்டிடிபி லைப்ரரி உங்களுக்குத் தெரியாமலே மூன்று முறை. ஒரு அழுத்தல், கேட்வேக்கு 27 அழைப்பு. ஒரே ஒரு அடுக்கில் மட்டும் ரீட்ரை வையுங்கள், மற்றதை அணையுங்கள்.

#17 அரைப்புள்ளி

லைப்ரரியில் இப்போதுதான் பார்த்தேன். இருக்கிறது!

இன்னொரு சந்தேகம். ஆர்டர் உறுதியானதும் எஸ்எம்எஸ் போகிறது. அதுவும் சில பேருக்கு இரண்டு முறை, சில பேருக்குப் போவதே இல்லை.

#18 டேபிள்_அக்கா

அவுட்பாக்ஸ். ஆர்டரைச் "செலுத்தியது" என்று மாற்றும் அதே டிரான்சாக்ஷனில் "இந்த எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்" என்று இன்னொரு டேபிளில் ஒரு வரிசை சேருங்கள். இரண்டும் சேர்ந்தே கமிட் ஆகும், அல்லது இரண்டும் ஆகாது. தனியாக ஒரு வொர்க்கர் அந்த டேபிளிலிருந்து எடுத்து அனுப்பட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வொர்க்கர் இருந்தால் "ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட்" போட்டு எடுங்கள், ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் தொடமாட்டார்.

அனுப்பிய பிறகு, "அனுப்பியாயிற்று" என்று குறிப்பதற்குள் வொர்க்கர் விழுந்தால் இன்னொரு எஸ்எம்எஸ் போகத்தான் செய்யும். எஸ்எம்எஸ் தருபவர் கீ ஏற்றுக்கொண்டால் அவுட்பாக்ஸ் வரிசையின் எண்ணையே கீயாகக் கொடுங்கள். ஏற்காவிட்டால் விடுங்கள், அபூர்வமாக ஒருவருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போனால் குடி முழுகாது.

#19 சோதனைச்சாவடி

டெஸ்டர் குரல். நீங்கள் எழுதியதை எப்படி நம்புவது?

ஒரே கீயோடு 20 ரெக்வெஸ்ட் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. முடிவில் ஆர்டர் டேபிளில் ஒரு வரிசை, 20 பதிலிலும் ஒரே ஆர்டர் எண். இதை ஒரு பிராசஸ் வைத்துச் சோதித்தால் பயனில்லை, புரொடக்ஷன் மாதிரி நான்கும் ஓடட்டும். அடுத்து, போலி கேட்வே ஒன்று எழுதி, பணத்தை ஏற்றுக்கொண்டு பதில் தராமல் தொங்கவிடுங்கள். அந்த நேரம் சர்வரைக் கொல்லுங்கள். எழுந்த பிறகு க்ரான் அந்த ஆர்டரைச் சரியான நிலைக்குக் கொண்டுவருகிறதா? மூன்றாவது, ஒரே வெப்ஹூக்கை ஐந்து முறை, வரிசையைக் குலைத்து. பேக்கிங் பட்டியலில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

வழக்கமாக இரண்டாவதில்தான் எல்லாரும் விழுவார்கள்.

#20 அரைப்புள்ளி

அப்பாடா. வேலையை ஆரம்பித்துவிட்டேன். லீடிடம் அண்ணா போட்ட 10:00:01 நேரக் கோட்டைக் காட்டினேன், "சரி, இண்டெக்ஸே போடு" என்றார்.

ஒரு தடை: டேபிளில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பழைய ஆர்டர்கள், கீ இல்லாமல். இரட்டைகளும் உள்ளே கிடக்கின்றன. யூனிக் இண்டெக்ஸ் போட்டால் மோதாதா? கடையும் திறந்திருக்கிறது, டேபிளைப் பூட்ட முடியாது.

#21 டேபிள்_அக்கா

பழைய வரிசைகளில் கீ பத்தி நல் ஆக (மதிப்பு இல்லாமல்) இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் யூனிக் இண்டெக்ஸில் நல்லும் நல்லும் மோதாது, எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். புது ரெக்வெஸ்டில் கீ கட்டாயம் என்பதைக் கோடில் பாருங்கள். பழைய மொபைல் ஆப் கீ அனுப்பாதே என்று கேட்பீர்கள்: அதனால்தான் கீயைக் கார்ட்டோடு சர்வரில் வைக்கச் சொன்னேன், ஆப் அனுப்பாவிட்டால் கார்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸை "கன்கரண்ட்லி" போட்டு உருவாக்குங்கள், ஆர்டர் விழுவது நிற்காது. இதை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. டேபிள் மாற்றங்களை ஓட்டும் உங்கள் மைக்ரேஷன் டூல் ஒவ்வொன்றையும் டிரான்சாக்ஷனில் சுற்றுகிறதா என்று பார்த்து, இதற்கு மட்டும் அணையுங்கள். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும், அதை டிராப் செய்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

#22 அரைப்புள்ளி

டூல் டிரான்சாக்ஷனில்தான் சுற்றுகிறது அக்கா, அணைக்க ஒரு ஃப்ளாக் இருக்கிறது. இன்று இரவு கடை மூடியதும் ஓட்டுகிறேன். ஆர்டர் பக்கம் முடிந்ததும் பைசா மாற்றத்துக்குத் தனி இழை திறக்கிறேன்.